ஏறுவதற்கு ஓர் இடம்

மலைநாட்டிலே பிறந்து, மலைநாட்டிலேயே படித்து, முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மலைநாட்டுப் பிள்ளைகளுக்கே கல்வி புகட்டி வரும் ஒருவன், நகரத்துக் கட்டடமொன்றினுள்ளே சுவரில் ஏறுவதைப் பற்றிப் பேச வந்திருக்கிறான் என்றால் உங்களுள் சிலர் நகைக்கக்கூடும். நகைப்பதில் தவறில்லை. ஹட்டனிலிருந்து எத்திசையில் இரண்டு கட்டை நடந்தாலும் நமக்கு ஏற்றந்தான். விடியற்காலையில் பெரட்டு முடிந்து, முதுகிலே கூடையுடன் செங்குத்தான மலைகளில் ஏறிக் கொழுந்து பறிக்கும் தாய்மாரின் பிள்ளைகள் நாம். பருவ காலத்தில், நல்லதண்ணியிலிருந்து ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகளை இரவோடிரவாக ஏறி, 2,243 மீற்றர் உயரமுள்ள சிவனொளிபாத மலையின் உச்சியில் சூரியோதயத்தைக் காண்பவர்கள் நாம். நமக்கு ஏறுவதற்கு ஒரு சுவர் எதற்கு?

இந்தக் கேள்வியை என்னைவிட நன்றாகக் கேட்டவர் ஒரு தாய். டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிப்பவர். அவருடைய மகள் என்னிடம் படித்தவள். இப்போது சிங்கப்பூரில் ஒரு கம்பனியில் கணக்கு வேலை செய்கிறாள். காலை முதல் மாலை வரை கணினியின் முன் அமர்ந்து தோளும் முதுகும் நோகின்றன என்றும், உடன் வேலை செய்வோர் மாலையில் சுவரேறும் மண்டபமொன்றுக்குப் போகிறார்கள் என்றும், தானும் போக விரும்புவதாகவும் தொலைபேசியில் தாயிடம் சொல்லியிருக்கிறாள். தாய் சொன்ன மறுமொழி இது: "நாங்க சம்பளத்துக்காக மலை ஏறுறோம், நீ சம்பளத்தக் குடுத்துட்டு ஏறப் போறியா மகளே?" சொல்லிவிட்டு, எதற்கும் பள்ளிக்கூடத்து சேரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள் என்றும் கூறிவிட்டார். இவ்வாறுதான் இந்த விடயம் என்னிடம் வந்து சேர்ந்தது.

வேறொரு விடயமாயிருந்தால், "உன் விருப்பம் பிள்ளை" என்று சொல்லி விட்டிருப்பேன். இதில் அப்படிச் சொல்ல என்னால் இயலவில்லை. அதற்குக் காரணமுண்டு.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், நான் இளம் ஆசிரியனாயிருந்த காலத்தில், வகுப்புப் பிள்ளைகளை ஒருநாள் உலாவுக்கு அழைத்துச் சென்றேன். பகலுணவு உண்ட இடத்தருகே ஒரு பாறை. பெரிய பாறையன்று, ஓர் ஆள் நின்று, அவர் தோள்மீது மற்றோர் ஆள் நின்றால் எட்டிவிடும் உயரந்தான். பையன்கள் ஒருவர்பின் ஒருவராக ஏறினார்கள். நான் தடுக்கவில்லை, உண்மையைச் சொல்வதானால், கைதட்டி ஊக்குவித்தேன். நான்காவதாக ஏறியவன் கால் வழுக்கிப் பின்புறமாக விழுந்தான். விழும்போது கையைப் பின்னால் ஊன்றினான். மணிக்கட்டு முறிந்தது. எலும்பு பின்னர் கூடிற்று; ஆனால் அந்தக் கை முன்போல் திரும்பவில்லை. அவனுடைய தகப்பனார் என்னை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. "விதி சேர்" என்றார். கடிந்திருந்தால் எனக்கு ஆறுதலாயிருந்திருக்கும்.

ஆதலால், அம்மாணவி கேட்டபோது, நேரிற் கண்டபின் சொல்கிறேன் என்றேன். என் தம்பி அந்நாட்டிலேதான் குடியிருக்கிறார். மார்கழி விடுமுறையில் அவரைப் பார்க்கச் சென்ற சமயம், மூன்று மாலைகளை இதற்கென ஒதுக்கி, அவளுடன் மூன்று மண்டபங்களுக்குப் போய் வந்தேன்.

மண்டபங்களுக்குள் நுழையுமுன் இக்கலையின் வரலாற்றைச் சிறிது சொல்லிவிடுகிறேன். 1964ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி விரிவுரையாளராயிருந்த டொன் றொபின்சன் என்பவர், அங்குள்ள நடைபாதையொன்றின் சுவரிலே கற்துண்டுகளைப் பதித்து, மாணவர்கள் ஏறிப் பழகும்படி செய்தார். சுவரேறும் மண்டபங்களின் தொடக்கமாக அதனையே பலரும் குறிப்பிடுவர். ஆசிரியர் ஒருவர் செய்த வேலை என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. கல் பதித்த அந்தச் சுவர் இன்று ஒலிம்பிக் வரை போய்விட்டது. 2021இல் நடந்த தோக்கியோ விளையாட்டு விழாவில் முதன்முதலாக இது போட்டியாக இடம்பெற்றது. 2024இல் பாரிசில், இந்தோனேசியாவின் வெட்ரிக் லியொனார்டோ 15 மீற்றர் உயரச் சுவரை 4.75 விநாடியில் ஏறித் தங்கப் பதக்கம் வென்றார். நான் இந்த வாக்கியத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் ஏறி முடித்திருப்பார்.

சிங்கப்பூரின் மிக உயர்ந்த குன்றாகிய புக்கிட் தீமாவின் உயரம் 164 மீற்றர். நுவரெலியா நகரமோ 1,868 மீற்றர் உயரத்தில் அமர்ந்திருக்கிறது. அதன் தலைக்கு மேல் 2,524 மீற்றர் உயரமான பிதுருதலாகல நிற்கிறது. மலையில்லாதவர்கள் கட்டடத்துக்குள்ளே மலை செய்துகொள்கிறார்கள். அதைக் குறைகூற நமக்கு என்ன உரிமையுண்டு?

இம்மண்டபங்கள் இருவகைப்படும். ஒருவகையில் கயிறில்லை. சுவரின் உயரம் ஏறக்குறைய நான்கு, நான்கரை மீற்றருக்குள் அடங்கும். தரை முழுவதும் தடித்த மெத்தை. விழுந்தால் மெத்தைமேல் விழவேண்டும். இதனைப் போல்டரிங் என்கிறார்கள். மற்றவகையில் சுவர் மிக உயரமானது. இடுப்பிலும் தொடையிலும் பட்டை அணிந்து, கயிற்றிலே பிணைத்துக்கொண்டு ஏறவேண்டும். கீழே நிற்கும் துணைவர் கயிற்றைப் பிடித்துக்கொள்வார்.

முதல் நாள் நாங்கள் சென்றது கயிறில்லாத மண்டபம். வெளிச்சமும் இசையும் வண்ணமுமாக ஒரு திருவிழாப் போலிருந்தது. வாயிலில் இருந்த இளைஞர் ஒரு படிவத்தைத் தந்து கையொப்பமிடச் சொன்னார். விழுந்து காயப்பட்டால் மண்டபத்தார் பொறுப்பல்லர் என்பது அதன் சாரம். இத்தகைய படிவம் எங்கும் உண்டு, அது குற்றமன்று. ஆனால் கையொப்பம் வாங்கியபின் ஒரு சொல்கூடக் கற்பிக்காமல், சப்பாத்தைத் தந்து உள்ளே அனுப்பிவிட்டார். உள்ளே, ஏறுபவர்களுக்கு நேர்கீழே மெத்தையில் அமர்ந்து சிலர் உரையாடிக்கொண்டிருந்தனர். ஒரு தண்ணீர்ப் போத்தல் மெத்தைமீது உருண்டு கிடந்தது. ஒரு சிறுபிள்ளை குறுக்கே ஓடிற்று. மேலேயிருந்து ஒருவர் விழுந்தால் இருவருக்கும் ஆபத்து. மேற்பார்வையாளர் இருந்தார், அவருடைய கண்கள் கைத்தொலைபேசியில் இருந்தன. பரீட்சை மண்டபத்தில் நெடுங்காலம் மேற்பார்வை செய்தவன் நான். பார்த்துக்கொண்டிருப்பவர் யார், பார்ப்பதுபோல் இருப்பவர் யார் என்பது எனக்குத் தெரியாதா?

இரண்டாம் நாள் சென்ற இடமும் கயிறில்லாததுதான். பழைய களஞ்சியமொன்றின் மேல்மாடியில், அளவிற் சிறியது. "முதல் தடவையா?" என்று கேட்டார் அங்கிருந்த பயிற்றுநர், இருபத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண். ஆம் என்றதும், சுவர்ப்பக்கம் விடவேயில்லை. ஒரு மூலைக்கு அழைத்துச் சென்று, என் மாணவிக்கு விழக் கற்பித்தார். கால்கள் இரண்டும் சேர்ந்து தரையிற் படவேண்டும், முழங்கால் மடங்கவேண்டும், உடனே முதுகுப்புறமாக உருண்டுவிடவேண்டும், நாடியை நெஞ்சோடு ஒட்டிக்கொள்ளவேண்டும். "கைகளை மார்போடு கட்டிக்கொள்ளுங்கள். எக்காரணங்கொண்டும் பின்னால் ஊன்றாதீர்கள். மணிக்கட்டும் முழங்கையும் முறிவது அதனால்தான்" என்றார்.

நேயர்களே, நான் அவ்விடத்தில் ஒரு வாங்கில் அமர்ந்துவிட்டேன். இருபத்தைந்து ஆண்டுகளாக அந்தப் பாறையை நினைக்கும்போதெல்லாம், ஏன் ஏறவிட்டேன் என்றே என்னை நான் கேட்டிருக்கிறேன். ஏறுபவனுக்கு விழவும் கற்பிக்கலாம் என்பது எனக்குத் தோன்றியதேயில்லை. அம்மாணவி இருபது நிமிடம் விழுந்து விழுந்து எழுந்தாள். அதன்பின்பே சுவரில் கைவைக்க இசைந்தார் பயிற்றுநர். உச்சியை அடைந்ததும் குதிக்கக்கூடாது, இயன்றமட்டும் பிடிகளைப் பற்றி இறங்கியே வரவேண்டும் என்பதும் அவர் விதித்த விதி.

அங்கே வேறு சிலவற்றையும் கவனித்தேன். மெத்தைக்கும் மெத்தைக்கும் நடுவே கால் சிக்கும் இடைவெளி இல்லை. முழுவதும் ஒரே விரிப்பால் மூடப்பட்டிருந்தது. சுவரிலுள்ள பிடிகள் வண்ணத்தால் தரம் பிரிக்கப்பட்டிருந்தன. எளிய வழிகள் தாராளமாக இருந்தன. சில மண்டபங்களில் கெட்டிக்காரர்களுக்கே சுவர் முழுவதையும் கொடுத்துவிட்டு, புதியவர்களுக்கு ஒரு மூலையை ஒதுக்கிவிடுகிறார்கள். அது, முதல் வாங்குப் பிள்ளைகளுக்கு மட்டும் பாடம் நடத்துவதைப் போன்றது. சில வாரங்களுக்கு ஒருமுறை பிடிகளைக் கழற்றிக் கழுவி, புதிய வழிகளை அமைப்பதாகவும் சொன்னார்கள். கை வியர்க்காதிருக்க எல்லோரும் பூசிக்கொள்ளும் வெண்தூள் காற்றிலே மிதக்கும். ஆகவே காற்றோட்டம் வேண்டும். தேயிலைத் தொழிற்சாலையின் தூசுக்குள்ளே நின்றவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. வாடகைச் சப்பாத்து சுத்தமாக இருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். அதை மூக்கே சொல்லிவிடும்.

மூன்றாம் நாள் கயிறுள்ள மண்டபத்துக்குப் போனோம். அண்ணாந்து பார்த்தபோது எனக்குத் தலை சுற்றியது. ஆனால் அவர்களுடைய ஒழுங்கைப் பாராட்டாமலிருக்க முடியாது. ஏறுபவர் தம் பட்டையிலே எட்டு வடிவ முடிச்சைப் போடுகிறார். துணைவர் அதைத் தொட்டுப் பார்க்கிறார். துணைவரின் கருவியையும் கொளுவியின் பூட்டையும் ஏறுபவர் பார்க்கிறார். ஒவ்வொரு முறையும் பார்க்கிறார்கள்; பத்தாண்டு பழகியவர்களும் பார்க்கிறார்கள். கயிற்றைத் தடுத்துநிறுத்தும் கையைத் துணைவர் எக்கணமும் விடுவதில்லை. அதைத் தேர்வு வைத்துப் பார்த்த பின்புதான் பிறருக்குக் கயிறு பிடிக்க அனுமதிக்கிறார்கள். துணைவரில்லாமல் தனியே ஏறுவதற்கும் ஓர் இயந்திரமுண்டு; அது தானே கயிற்றை இழுத்து, விழுந்தால் மெல்ல இறக்கிவிடும். இயந்திரம் பிழைப்பது அரிது, மனிதன்தான் பிழைக்கிறான். நன்கு பழகியவர்களே கொளுவியை மாட்ட மறந்து ஏறிவிடுவதுண்டாம். அதற்காகச் சுவரின் அடியிலே ஒரு முக்கோணத் துணியைத் தடுப்பாக மாட்டியிருக்கிறார்கள். கயிற்றைக் கழற்றி இடுப்பில் மாட்டினாலன்றி அத்துணி வழிவிடாது. மறதியை நம்பாமல் ஒழுங்கை நம்பும் இந்த ஏற்பாடு என் மனத்துக்குப் பிடித்திருந்தது. ஆயினும், துணைவர் ஒருவர் நிலையாக இருந்தாலன்றி இவ்வகை மண்டபத்தின் முழுப்பயனையும் அடையமுடியாது. அவளுக்கோ வேலை முடியும் நேரம் நிச்சயமில்லை.

பணத்தைப் பற்றியும் சொல்லவேண்டுமே. முதல் மண்டபத்தில் ஓராண்டுச் சந்தாவுக்குக் கழிவு தருவதாக வற்புறுத்தினார்கள். ஒரு மாதமாவது தனித்தனிச் சீட்டில் போய்ப் பார்க்காமல் ஆண்டுச் சந்தா எடுப்பது அறிவுடைமையன்று. அதிலும் மாதந்தோறும் வீட்டுக்குப் பணம் அனுப்பும் பிள்ளை. தம்பி உயர்தர வகுப்பில் படிக்கிறான். வேலைத்தலத்துக்கும் தங்குமிடத்துக்கும் இடையில் இருக்கும் மண்டபமே போக ஏற்றது. தொலைவிலுள்ள சிறந்த மண்டபத்துக்கு மூன்றாம் வாரத்துக்குப்பின் யாரும் போவதில்லை.

விரல்களைப் பற்றி ஒரு சொல். தசைகள் விரைவில் வலுப்பெறும். விரல்களைத் தாங்கும் நாண்கள் வலுப்பெற மாதங்கள் செல்லும். ஆகவே தொடக்கத்தில் வாரத்துக்கு இரண்டு நாளே போதும். வளரும் வயதுப் பிள்ளைகள் சிறு பிடிகளில் விரல் நுனியால் தொங்கும் கடும் பயிற்சிகளைச் செய்யலாகாது. விரலெலும்பின் வளர்ச்சிப் பகுதி பழுதுபடும். இதனை நன்மண்டபத்தார் தாமே எச்சரிப்பார்கள். எச்சரிக்காதவர்களிடம் பிள்ளைகளை விடவேண்டாம்.

இக்கலை நம் நாட்டவருக்குப் புதிதன்று. 2016 மே 21ஆம் நாள் எவரெஸ்ட் உச்சியை அடைந்த முதல் இலங்கையர் ஜயந்தி குரு உதும்பால, ஒரு பெண். அவர் பயிற்சி பெற்றது, 1954இல் நிறுவப்பட்ட டார்ஜிலிங் மலையேற்றப் பயிற்சி நிலையத்தில். டார்ஜிலிங்கும் தேயிலை விளையும் ஊர்தான். தேயிலைச் செடிக்கும் மலையேற்றத்துக்கும் பகையில்லை என்று அந்தத் தாயிடம் நான் சொன்னபோது, அவர் சிரித்தாரே ஒழிய முழுவதும் ஒப்புக்கொள்ளவில்லை.

ஊர் திரும்பியபின், எங்கள் பாடசாலை விளையாட்டுத் திடலில், உடற்கல்வி ஆசிரியரின் துணையுடன், பழைய மெத்தைகள் சிலவற்றை விரித்து, பிள்ளைகளுக்கு விழப் பழக்குகிறோம். ஏறுவதற்கு இன்னும் ஒன்றும் அமைக்கவில்லை. அன்று கை முறிந்தவனின் மகள் இப்போது ஏழாம் வகுப்பில் இருக்கிறாள். கைகளை மார்போடு கட்டிக்கொண்டு உருளுவதில் அவளே முதன்மையானவள். அவளை அழைத்துப்போக வந்த தகப்பன் ஒருநாள் வேலியோரம் நின்று நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். நானும் அவனருகே போய் நின்றேன். பழையதைப் பற்றி இருவரும் ஒன்றும் பேசவில்லை.

சிங்கப்பூரில் இருக்கும் மாணவி, இரண்டாவது மண்டபத்தையே தெரிவு செய்தாள். செவ்வாயும் வியாழனும் மாலையில் போகிறாள், தோள்வலி குறைந்துவிட்டதாம். அவளுடைய தாய் வாரந்தோறும் தொலைபேசியில், "கயித்த நல்லா இறுக்கிக் கட்டுனியா மகளே?" என்று கேட்கிறார். அங்கே கயிறே கிடையாது என்று அவள் எத்தனையோ முறை சொல்லியாயிற்று. இப்போதெல்லாம், "கட்டினேன் அம்மா" என்று சொல்லிவிடுகிறாள்.