காப்புக் கயிறும் மருந்தும்



கொலை, களவு, கள், காமம், பொய் என்னும் ஐந்தினையும் பெரும்பாதகங்கள் என நம் முன்னோர் வகுத்தனர். அவற்றுள் கள், அறிவை மயக்கி ஏனைய நான்கிற்கும் வாயில் திறப்பது. ஆதலின் திருவள்ளுவப் பெருந்தகையும் கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரம் அருளினார்.

திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் தோன்றியவர் இராமசாமி ரெட்டியார். வள்ளலார்பால் பேரன்பு பூண்ட அப்பெருமகனார் சென்னை மாகாண முதலமைச்சராய் விளங்கியபோதுதான், 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுமையும் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது.

அத்தகு சான்றோரை ஈன்ற இப்பகுதியிலேயே, 2023 மே மாதம், மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பம் என்னும் மீனவர் ஊரில் நச்சுச் சாராயம் அருந்திப் பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2019 வரை விழுப்புரம் மாவட்டத்தோடு இணைந்திருந்த கள்ளக்குறிச்சியில், 2024 ஜூன் மாதம் அறுபதுக்கும் மேற்பட்டோர் மடிந்தனர். எத்தனை மகளிர் மங்கலம் இழந்தனர்! எத்தனை மழலையர் தந்தையை இழந்தனர்!

அவ்வுயிர்களைக் குடித்தது மெத்தனால் என்னும் நஞ்சு. தொழிற்சாலைக்குரிய அப்பொருள் தொடக்கத்தில் வழக்கமான போதை போலவே தோன்றும். உடலினுள் அது ஃபார்மிக் அமிலமாக மாறப் பல மணி நேரம் ஆகும். பின்னரே வாந்தி, வயிற்றுவலி, பார்வை மங்கல் ஆகியன தோன்றும். கண்ணொளியும் உயிரும் பறிபோகும். ஆதலின், “உறங்கினால் தெளிந்துவிடும்” என்று காத்திருத்தல் கூடாது. 108-ஐ அழைத்து உடனே மருத்துவமனை சேர்க்க வேண்டும். உடன் அருந்தியோர் நலமாய்த் தோன்றினும் அவரையும் அழைத்துச் செல்ல வேண்டும். அருந்தியது இன்னது என்பதை மருத்துவரிடம் மறைத்தலும் தகாது.

இனி, நாள்தோறும் குடிப்போர் நிலையைக் காண்போம். குடியை விடுவதாக இறைவன் திருமுன் உறுதி பூண்டு காப்புக் கயிறு கட்டிக்கொள்வோர் பலர். அவ்வுறுதி போற்றத்தக்கது. ஆயின் நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்துங்கால், ஓரிரு நாளில் கை நடுங்கும்; உறக்கம் வாராது; சிலர்க்கு வலிப்பும் மனக்குழப்பமும் நேரும். இது தெய்வக் குற்றமன்று, மனவலிமைக் குறைவும் அன்று, நோயின் இயல்பு. தக்க மருத்துவம் இல்லையேல் உயிர்க்கே இடையூறாகலாம். இதனை அறியாது, நடுக்கம் தணிய மீண்டும் குடித்தவரைச் சுற்றத்தார் பழிக்கின்றனர். அவரும் நாணி ஆலயத்துக்கே வாராது ஒழிகின்றார்.

ஆதலின், கயிறு கட்டும் முன்னரே மருத்துவரை நாடுக. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளில் இதற்குச் சிகிச்சை உண்டு. 14446 என்னும் கட்டணமில்லாத் தேசிய உதவி எண்ணிலும் வழி கேட்கலாம். கஞ்சா, போதை மாத்திரை ஆகியவற்றிற்கு அடிமையானோர்க்கும் இது பொருந்தும். ஒருமுறை தவறியவரை வெறுத்து ஒதுக்காது, மீண்டும் அழைத்து வருக. நோய் திரும்பினால் மருந்தும் தொடர்தல் வேண்டும்.

வைத்தியநாதன் என்னும் திருநாமம் பூண்ட பெருமான், மருத்துவர் கைவழியாகவும் அருள்புரிவான். கயிறு உறுதியைக் காக்கட்டும். மருந்து உடலைக் காக்கட்டும். இல்லத்தார் அன்பு இரண்டையும் காக்கட்டும்.

திருவருள் துணை நிற்பதாக!