போர்க்காலத்தில் கைமாறிய இஞ்சின்கள்

(பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஆற்றிய உரை)

 

நம் மலைக்கு ரயில் கிடையாது. ரயிலைப் பார்க்கணும் என்றால் தாப்பா ரோடு வரைக்கும் இறங்க வேண்டும். அப்படியிருக்க, வாத்தியார் ஏன் ரயில் இஞ்சினைப் பற்றிப் பேச வந்தார் என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது, கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

கொழுந்து மிகுந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். பறித்த கொழுந்து காத்திருக்காது. புது லோரி வரும் வரை துரை சும்மா இருப்பாரா? பழைய லோரி எங்கே கிடைத்தாலும் வாங்குவார். அதிலும் பெரிய லோரியாகத் தேடுவார். சின்ன லோரி நாலு நடை போவதை அது ரெண்டே நடையில் முடித்துவிடும், டிரைவர் கூலியும் மிச்சம். கொழுந்து குறைந்துபோனால் அதே பெரிய லோரி நின்ற இடத்தில் செலவு வைக்கும். வந்த விலைக்குத் தள்ளிவிடுவார்.

இரண்டாம் உலகப் போரின்போது ரயில்வேக்காரர்கள் செய்ததும் இதுதான். படைகளும் தளவாடங்களும் மலைபோல் குவிந்தன. இஞ்சின் கட்டும் பட்டறைகளுக்கோ போர்ச்சாமான் வேலை. அமெரிக்காவில் எந்தக் கம்பெனிக்கு எத்தனை புது இஞ்சின் என்பதைக்கூட அரசாங்கமே தீர்மானித்தது. ஆகவே பழசைத் தேடி ஓடினார்கள். நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் என்ற கம்பெனியிடம், பதினாறு ஓட்டுச் சக்கரம் கொண்ட ராட்சத நீராவி இஞ்சின்கள் இருந்தன. 1943-ல் அவற்றில் சிலவற்றைச் சாந்தா ஃபே கம்பெனி வாங்கியது. போர் முடிந்ததும், 1947-ல், பெரும்பாலானவற்றை வர்ஜீனியன் என்ற வேறொரு கம்பெனிக்கு விற்றுவிட்டது.

இனி நம் பக்கம் வருவோம். மலாயா, சயாம், பர்மா, அஸ்ஸாம், கிழக்கு ஆப்பிரிக்கா எல்லாவற்றிலும் தண்டவாள அகலம் ஒரு மீட்டர்தான். ஓர் இடத்து இஞ்சினைக் கப்பலேற்றினால் இன்னோர் இடத்தில் ஓடும். இந்த அளவுக்கென்றே அமெரிக்கப் படை எழுநூற்றுக்கு மேற்பட்ட ‘மெக்ஆர்தர்’ இஞ்சின்களைக் கட்ட வைத்தது. போருக்குப் பின் அவற்றில் சில மலாயா ரயில்வேக்கு வந்தன. சில சயாமுக்குப் போயின. மலாயாவுக்கு வந்தவற்றிலும் சில பிறகு ஆப்பிரிக்காவின் தங்கனீக்காவுக்கு விலைபோயின. பர்மாவில் ஓடிய பெரிய காரட் இஞ்சின்களும் 1952-ல் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கே கைமாறின.

இதெல்லாம் காசு கொடுத்து வாங்கியது. ஜப்பான்காரன் வாங்கவில்லை, எடுத்துக்கொண்டான். நம் பகாங் வழியாகக் கிளந்தான் போகும் கிழக்குக் கரைப் பாதையில் மைல் கணக்கில் தண்டவாளத்தைக் கழற்றினான். தம்பின்–மலாக்கா பாதையைப் பெயர்த்தான். அதை அப்புறம் யாரும் திரும்பப் போடவே இல்லை. (வெள்ளைக்காரனும் சும்மா இருக்கவில்லை. தமிழ்நாட்டில் மதுரை–போடிநாயக்கனூர் பாதையை அவனும் போருக்கென்று பெயர்த்தான்.)

நம் தண்டவாளம் போன இடம் சயாம்–பர்மா பாதை. 415 கிலோமீட்டர். 1942-ல் தொடங்கி 1943 அக்டோபரில் இரு முனையையும் இணைத்தார்கள். அதில் ஓட்ட, சி56 என்ற 90 இஞ்சின்களை ஜப்பானிலிருந்து சக்கர அகலத்தை மாற்றிக் கொண்டுவந்தார்கள். தண்டவாளத்தோடு நம் தோட்டத்து ஆட்களையும் கொண்டுபோனார்கள். முதலில் நல்ல சம்பளம் என்று ஆசை காட்டினார்கள்; பிறகு வலுக்கட்டாயமாகப் பிடித்து ஏற்றினார்கள். காலரா, மலேரியா, பட்டினி. நேச நாட்டுப் போர்க்கைதிகளில் 12,000 பேருக்கு மேல் மாண்டார்கள். ஆசியத் தொழிலாளர்களில் மாண்டவர்கள் அதைப்போலப் பல மடங்கு. அவர்களில் மலாயாத் தமிழர்கள் ஏராளம்.

போருக்குப் பின் பிரிட்டிஷார் அந்தப் பாதையைச் சயாம் அரசாங்கத்துக்கு விற்றார்கள். விலை சுமார் பன்னிரண்டரை லட்சம் பவுன். பர்மா, மலாயா போன்ற நாடுகளின் ரயில்வேக்கள் பறிகொடுத்த பொருள்களுக்கு ஈடாக அந்தப் பணம் கணக்கிடப்பட்டது. தண்டவாளத்துக்குக் கணக்கு இருந்தது, பெட்டிக்குக் கணக்கு இருந்தது. சி56 இஞ்சின்கள் சயாம் ரயில்வேயில் மேலும் பல வருஷம் ஓடின. இரண்டு மட்டும் 1979-ல் ஜப்பானுக்குத் திரும்பின. அதில் 31-ஆம் நம்பர் இஞ்சின் தோக்கியோவில் யாசுகுனி கோயில் காட்சிசாலையில் துடைத்துவைத்தாற்போல் நிற்கிறது. அது எந்த வருஷம் கட்டியது, எங்கே ஓடியது எல்லாம் எழுதியிருக்கிறது. சயாமுக்குப் போன நம் ஆட்களுக்கு முழுப் பெயர்ப்பட்டியல் இல்லை.

பெற்றோர்களே, தாத்தா பாட்டி சொல்லக் கேட்டவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் ஒரு தடித்த நோட்டுப் புத்தகம் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். பெயர், தோட்டம், போன வருஷம், திரும்பினாரா என்று நாலு கட்டம். பாதிதான் தெரியும் என்றாலும் பரவாயில்லை. கூட்டம் முடிந்ததும் வாசல் மேசைக்கு வந்து பிள்ளைகளிடம் சொல்லுங்கள், அவர்கள் எழுதிக்கொள்வார்கள்.