நீலம் வந்த வழியும் நீங்கும் வழியும்



பள்ளிக்கூடத்துச் சோதனைச் சாலையில் ஆக்ஸிஜன் வாயு தயாரிப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். பொட்டாசியம் குளோரேட் என்னும் வெண்ணிற உப்பைத் தனியே காய்ச்சினால், மிகுந்த வெப்பத்திற்குப் பின்னரே வாயு வெளிப்படும். அதனுடன் மாங்கனீஸ் டை ஆக்ஸைடு என்னும் கரிய தூளைச் சிறிதளவு சேர்த்தால், குறைந்த வெப்பத்திலேயே வாயு விரைந்து வெளிப்படும். சோதனை முடிந்தபின், எஞ்சியதை நீரில் கரைத்து, வடிகட்டி, உலர்த்தி நிறுத்துப் பார்த்தால், கரிய தூள் எடை குறையாமல் அப்படியே இருக்கும். வாயு கிடைத்தவுடன் குழாயைக் கழுவி வைத்துவிட்டு விளையாட்டுத் திடலுக்கு ஓடும் மாணவர்களே பெரும்பாலோர். ஆயினும் அச்சோதனையின் உயிர் அந்தக் கடைசி நிறுவையிலேதான் இருக்கின்றது.

தான் செலவாகாமல் பிற பொருள்களின் மாற்றத்தை விரைவுபடுத்தும் இத்தகைய பொருளுக்கு, 1835ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு அறிஞர் பெர்சீலியஸ் ஒரு பெயர் சூட்டினார். நாங்கள் படித்த பாடநூல்களில் அதனைக் 'கிரியா ஊக்கி' என்றனர். இப்பொழுது 'வினையூக்கி' என்கின்றனர். பெயர் எதுவாயினும், அது ஒரு மாவட்டத்தின் பிழைப்பையே மாற்ற வல்லது என்பதற்கு நம் கடலூரே சான்று.

கடலூரைத் தலைநகராகக் கொண்டிருந்த பழைய தென்னார்க்காடு மாவட்டம், சென்னை மாகாணத்தில் அவுரி விளைந்த முக்கியமான பகுதிகளுள் ஒன்று. செடியை வெட்டித் தொட்டி நீரில் ஊறவைத்து, அந்நீரைக் கடைந்து, அடியில் படியும் நீலத்தைக் கட்டிகளாக்கி உலர்த்துவர். அண்டையிலுள்ள புதுச்சேரியிலிருந்து நீலச் சாயமேற்றிய துணி ஆப்பிரிக்கா வரை சென்றது. ஜெர்மனியில் பேயர் என்னும் பேரறிஞர் 1880ஆம் ஆண்டில் இந்நீலத்தைச் செயற்கையாக ஆக்கிக் காட்டினார். ஆனால் அடக்க விலை மிகுதி; அவுரியோடு அது போட்டியிட இயலவில்லை. நாப்தலீன் என்னும் மலிவான பொருளிலிருந்து தொடங்கலாம் என்று கண்டனர். அதனைக் கந்தக அமிலத்தால் மாற்றும் முதற்படியோ மிக மந்தமாக நடந்தது. ஒருநாள் கலத்தினுள் இருந்த வெப்பமானி உடைந்து, அதிலிருந்த பாதரசம் உள்ளே விழுந்தது. மந்தமாயிருந்த மாற்றம் உடனே விரைவு பெற்றது என்று இரசாயன வரலாறு கூறுகின்றது. பாதரசமே அங்கு வினையூக்கி. 1897ஆம் ஆண்டில் செயற்கை நீலம் சந்தைக்கு வந்தது. சில ஆண்டுகளுக்குள் இந்திய அவுரியின் ஏற்றுமதி சரிந்தது. முதல் உலகப் போரின்போது சிறிது காலம் தலை தூக்கிய இத்தொழில் பின்னர்ப் பழைய நிலையை எய்தவே இல்லை. இன்று திண்டிவனம் பக்கத்தில் ஓரளவு அவுரி விளைகின்றது.

தென்னார்க்காட்டு உழவன் மழையை எண்ணி வானத்தை நோக்கியிருந்தான். அவன் தொழிலைச் சாய்த்ததோ அயல்நாட்டில் உடைந்த ஒரு கண்ணாடிக் குழாய். இதனை வெறும் அதிருஷ்டக் கதையாகக் கொள்ளற்க. குழாய் உடைந்ததைப் பார்த்து வருந்தி, கலத்தைக் கழுவிக் கவிழ்த்திருந்தால் ஒன்றும் நிகழ்ந்திராது. அவ்விடத்தில், என்ன நேர்ந்தது என்று வினவும் கண் ஒன்று இருந்தது. பின்னாளில் நச்சுத்தன்மையுள்ள பாதரசம் விலக்கப்பட்டு, வனேடியம் என்னும் உலோகத்தின் ஆக்ஸைடு அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது.

செயற்கைச் சாயம் உலகெங்கும் பரவிற்று. அதனோடு ஒரு தொல்லையும் வந்தது. சாயம் எளிதில் வெளுக்கலாகாது என்பதே வாங்குவோர் விருப்பம். அவ்வுறுதியே, சாயம் கழிவு நீரில் கலந்தபின் கேடாகின்றது. வெயிலுக்கும் சோப்புக்கும் அசையாத அணுக்கூட்டம், நீரிலுள்ள நுண்ணுயிர்களுக்கும் எளிதில் அசைவதில்லை. கடலூரின் தெற்கே, உப்பனாற்றின் கரையோரமாக, 1980களில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தது. இரசாயனப் பொருள்களும் மருந்துகளும் ஆக்கும் ஆலைகள் அங்கு அமைந்தன. வேலை கிடைத்தது உண்மை. காற்றின் நெடியையும் நிலத்தடி நீரின் கேட்டையும் பற்றிச் சுற்றுப்புறச் சிற்றூர் மக்கள் பல்லாண்டுகளாக முறையிட்டு வந்திருப்பதும் உண்மை. ஆலைக் கழிவை எவ்வாறு தூய்மை செய்வது என்பது அவர்களுக்கு ஏட்டளவான வினா அன்று. கிணற்றைப் பற்றிய வினா.

அங்கிருந்து ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தெற்கே, சிதம்பரத்தில், 1929ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உள்ளது. அதன் வேதியியல் துறையில் பேராசிரியர்கள் எம். சுவாமிநாதன், சி. கருணாகரன் முதலியோரும் அவர்தம் மாணவர்களும், ஒளியால் தூண்டப்பெறும் வினையூக்கிகளைப் பற்றிப் பல ஆய்வுகள் செய்து வெளியிட்டுள்ளனர். அவர்கள் கையாண்டவற்றுள் முதன்மையானவை இரண்டு உலோக ஆக்ஸைடுகள். ஒன்று டைட்டேனியம் டை ஆக்ஸைடு; வெள்ளைப் பெயிண்டில் சேர்வது. இதற்குரிய டைட்டேனியம், நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரைக் கருமணலில் உள்ள இல்மனைட்டில் உண்டு. மற்றொன்று துத்தநாக ஆக்ஸைடு. சித்த மருத்துவர் நாக பற்பம் என்று வழங்குவது பெரும்பாலும் இதுவே.

இத்தூளைச் சாயம் கலந்த நீரில் இட்டு வெயிலில் வைத்தால் நிகழ்வது யாது? ஒளியின் புற ஊதாப் பகுதி தூளின்மேல் படும்போது, அதனுள்ளிருக்கும் எலெக்ட்ரான் ஒன்று தன் இடத்தை விட்டு மேலெழும். எழுந்த இடம் வெற்றிடமாகும். அவ்வெற்றிடம் நீரிலிருந்து எலெக்ட்ரானைக் கவர்வதால், மிகுந்த வினைத்திறன் வாய்ந்த ஹைட்ராக்ஸில் துணுக்கு பிறக்கின்றது. அது சாயத்தின் அணுப் பிணைப்புகளை ஒவ்வொன்றாக அறுக்கும். இறுதியில் சாயம் கரியமில வாயுவாகவும் நீராகவும் சில உப்புகளாகவும் பிரிந்து போகும். ரியாக்டிவ் ஆரஞ்சு 4, ரியாக்டிவ் யெல்லோ 14 போன்ற துணிச் சாயங்கள் இவ்வாறு சிதைவதைச் சிதம்பரத்து ஆய்வாளர்கள் அளந்து காட்டியுள்ளனர். ஒளியும் டைட்டேனியம் டை ஆக்ஸைடும் சேர்ந்தால் நீரையே பிரிக்கலாம் என்று ஜப்பானியராகிய புஜிஷிமாவும் ஹோண்டாவும் 1972ஆம் ஆண்டில் வெளியிட்ட செய்தியே இத்துறைக்குப் பெரிய உந்துதல்.

தூள் நுண்ணியதாக இருக்க வேண்டும் என்கின்றனரே, எவ்வளவு நுண்மை? வினை நிகழ்வது மேற்பரப்பில். ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதே கட்டியைப் பத்து நானோமீட்டர் பக்கமுள்ள சிறு கட்டிகளாக வெட்டினால், மொத்த மேற்பரப்பு 600 சதுர மீட்டர். இரண்டரை கிரவுண்டு மனைக்கும் மிகுதி! நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறிட்டதில் ஒரு கூறு. இக்கணக்கை நீங்களே காகிதத்தில் போட்டுப் பாருங்கள். சொல்லக் கேட்பதைவிட அதுவே நன்று.

நுண்மையால் இன்னலும் உண்டு. அவ்வளவு நுண்ணிய தூளை நீரிலிருந்து மீட்பது கடினம். மீட்காமல் ஆற்றில் விட்டால், சாயத்தைப் போக்கி வேறொரு மாசைச் சேர்த்தவர் ஆவோம். ஆதலின் தூளை நுண்துளைகள் நிறைந்த ஒரு பொருளின்மேல் ஒட்டி வைக்கின்றனர். அத்துளைகள் சாயத்தையும் தம்பால் ஈர்த்து, ஆக்ஸைடின் அருகே கொண்டு சேர்க்கும்.

அத்தகைய பொருளுக்கு நாம் வெளியே செல்ல வேண்டியதில்லை. சிதம்பரத்தைச் சுற்றி நெல் வயல்கள். நெல் அரைக்கும் இடமெல்லாம் உமி. நூறு கிலோ நெல்லில் ஏறத்தாழ 20 கிலோ உமி. அதனை எரித்தால் ஏறத்தாழ 4 கிலோ சாம்பல். அச்சாம்பலில் பத்தில் ஒன்பது பங்கு வரை சிலிக்கா. பெருவெப்பத்தில் எரித்தால் சிலிக்கா இறுகிப் படிகமாகிவிடும். ஆதலின் அளவான சூட்டில் எரிக்க வேண்டும். சாம்பலைக் காஸ்டிக் சோடாவில் காய்ச்சிக் கரைத்து, சோப்பைப் போன்ற ஒரு பொருளைச் சேர்த்து, சிலிக்காவை மீண்டும் படியச் செய்வர். பின்னர் அப்பொருளை எரித்துவிட்டால், அது இருந்த இடமெல்லாம் ஒரே சீரான துளைகளாக நிற்கும். களிமண்ணுக்குள் வைத்த மெழுகை உருக்கி ஊற்றிவிட்டுச் சிலை வார்க்கும் நம் சுவாமிமலை ஸ்தபதியின் வேலையை இது நினைவூட்டுகின்றது. 1992ஆம் ஆண்டில் மோபில் நிறுவனத்தார் வெளியிட்ட இவ்வகைச் சிலிக்காவில், ஒரு கிராமுக்கு ஆயிரம் சதுர மீட்டர் அளவுக்கு மேற்பரப்பு உண்டு. நெய்வேலி அனல் மின் நிலையத்துச் சாம்பலிலும் சிலிக்காவும் அலுமினாவும் உள்ளன; அதிலிருந்து சியோலைட் என்னும் நுண்துளைப் பொருளை ஆக்கலாம். ஆனால் பழுப்பு நிலக்கரிச் சாம்பலில் சுண்ணாம்பு மிகுதி. அது இவ்வேலைக்கு இடையூறு. எளிமையில் எனக்கு உமியே மேலாகத் தோன்றுகின்றது.

இனி, மாணவர்கள் மயங்கக் கூடாத ஓர் இடம். சோதனைச் சாலையில் எடுத்துக்கொள்வது தூய நீரில் கரைந்த ஒரே சாயம். ஆலைக் கழிவில் பல சாயங்கள், உப்பு, கஞ்சி, எண்ணெய் எல்லாம் கலந்திருக்கும். உப்பிலுள்ள குளோரைடு, நாம் சாயத்திற்கென உண்டாக்கிய துணுக்குகளைத் தானே விழுங்கிவிடும். நீர் கருத்திருந்தால் ஒளி உள்ளே இறங்காது. கழிவில் அமிலம் மிகுந்தால் துத்தநாக ஆக்ஸைடே கரைந்து போகும். மேலும், நிறம் மறைவது வேறு, நஞ்சு மறைவது வேறு; நிறமற்ற துண்டுகள் நீரில் எஞ்சியிருக்கின்றனவா என்று பார்த்த பிறகே வெற்றியைக் கூற வேண்டும். 'சாயம் நீங்கிற்று' என்று ஓர் ஆய்வுரையில் படித்தால், எந்த நீரில், எத்தனை முறை மீண்டும் பயன்படுத்திய தூளால் என்று கேளுங்கள்.

சூரிய ஒளியிலும் ஒரு கணக்கு உண்டு. நிலத்தை அடையும் வெயிலில் புற ஊதாப் பகுதி நூற்றுக்கு ஐந்து பங்கு அளவே. எஞ்சிய ஒளியையும் பயன்படுத்தவே, வெள்ளி, இரும்பு முதலியவற்றை ஆக்ஸைடோடு சேர்த்துப் பார்க்கின்றனர். சித்திரை, வைகாசியில் கடலூருக்கு வெயிலில் குறையில்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலோ கதிரவன் நாள்கணக்கில் மறைந்திருப்பான். ஆலையின் கழிவு நில்லாது. அந்நாள்களின் நீரைத் தேக்கி வைக்க எத்துணைப் பெரிய தொட்டி வேண்டும், அதற்கு எவ்வளவு இடம் வேண்டும், அது மழையில் நிரம்பி வழிந்தால் உப்பனாற்றில் சேருவது என்ன என்பதெல்லாம், தூளின் திறத்தைப் போலவே அளந்து அறிய வேண்டியவை.