பட்டுத்துணியில் சிக்கிய இழைகள்



பட்டமளிப்பு மேடைகளில் உலகையே மாற்றிக் காட்டச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவது வழக்கம். எனக்கு அவ்வளவு பெரிய ஆசை இல்லை. எடுத்த மாதிரிகளைத் தூக்கி எறியாதீர்கள் என்று, இன்று கடல் உயிரியலில் பட்டம் பெறும் உங்களிடம் கேட்டுக்கொள்ளத்தான் வந்திருக்கிறேன்.

ஆலிஸ்டர் ஹார்டி என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் 1925இல் ‘டிஸ்கவரி’ கப்பலில் தென்முனைக் கடலுக்குப் போனார். திமிங்கிலத்தின் இரை எங்கே அடர்ந்திருக்கிறது என்று அறிய ஒரு கருவி செய்தார். கப்பலுக்குப் பின்னால் கட்டி இழுத்தால் உள்ளே புகும் நீரைப் பட்டுத்துணி வடிகட்டும்; துணி மெல்ல நகர்ந்து, சுருண்டு, ஃபார்மலினில் சேரும். 1931 முதல் வணிகக் கப்பல்கள் அதை வட கடலில் இழுத்துச் சென்றன. மிதவை உயிரிகளை எண்ணி முடித்த பிறகும் அந்தத் துணிகளைப் பத்திரப்படுத்தினார்கள். எதற்கு இந்தக் குப்பை என்று யாராவது கேட்காமலா இருந்திருப்பார்கள்?

பிளிமத் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் தாம்சன் குழு அந்தப் பழைய துணிகளை எடுத்து ஆராய்ந்து 2004இல் முடிவை வெளியிட்டது. ஸ்காட்லாந்தின் அபர்தீனிலிருந்து ஷெட்லாந்துத் தீவுகளுக்குச் செல்லும் வழியில் 1960களில் எடுத்த மாதிரிகளிலேயே பிளாஸ்டிக் இழைகள் இருந்தன. பிந்தைய ஆண்டுகளின் துணிகளில் அவை இன்னும் கூடியிருந்தன. ஹார்டி தேடியது திமிங்கிலத்தின் இரையை. 1960களின் கடல்நீரை இன்று எவ்வளவு பணத்தைக் கொட்டினாலும் மொண்டுவர முடியாது. அது அந்தத் துணியில் மட்டும்தான் இருந்தது.

இத்தகைய பிளாஸ்டிக் இழைகளும் துகள்களும் மிதவை உயிரிகளை என்ன செய்கின்றன? மேத்யூ கோலும் சக ஆய்வாளர்களும் 2013இல் 15 வகை விலங்கு மிதவைகளுக்குப் பாலிஸ்டைரீன் மணிகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். 13 வகை விழுங்கின. 2015இல் காலனஸ் என்ற கோப்பிபாடைச் சோதித்தார்கள். அரிசி மணியைவிடச் சிறிய உயிர். வடகிழக்கு அட்லாண்டிக்கின் மீன்குஞ்சுகளுக்கு முக்கியமான தீனி. பாசியோடு 20 மைக்ரான் மணிகளும் கலந்த நீரில் அது சிறிய பாசிகளையே தின்றது. தின்ற பாசிகளின் எண்ணிக்கை 11 விழுக்காடுதான் குறைந்தது. உடலுக்குள் போன கார்பனோ 40 விழுக்காடு குறைந்தது. அது சாகவில்லை. இட்ட முட்டைகளின் எண்ணிக்கையும் பெரிதாகக் குறையவில்லை. ஆனால் முட்டைகள் சிறுத்தன, பொரித்தவையும் குறைந்தன. செத்ததை மட்டும் எண்ணுகிறவர் கண்ணில் இது படவே படாது.

அடுத்த ஆண்டு காலனஸின் எச்சத்தைப் பார்த்தார்கள். மணி கலந்த எச்சம் பாதிக்கும் குறைவான வேகத்தில்தான் மூழ்கியது. மேற்பரப்பின் கார்பன் ஆழ்கடலுக்கு இறங்கும் வழிகளில் இந்த எச்சமும் ஒன்று. ஆகவே இது அருவருத்து ஒதுக்கும் சங்கதி அல்ல.

இங்கே ஒரு கடிவாளமும் போடவேண்டும். 2015 சோதனையில் ஒரு மில்லிலிட்டருக்கு 75 மணிகள். கடலில் வலை வீசி எண்ணும்போது கிடைப்பது அதைவிட மிக மிகக் குறைவு. ஆகவே கடல் செத்துக்கொண்டிருக்கிறது என்று இந்த ஆய்வைக் காட்டி முழங்குவது நேர்மையாகாது. அதே சமயம், வழக்கமான வலைக் கண்ணின் அகலம் 300 மைக்ரானை ஒட்டியது. 20 மைக்ரான் மணி அதில் நில்லாமல் ஓடிவிடும். ஆக, வலையின் கணக்கை நம்பி நிம்மதி அடைவதும் தவறு. இந்த இடைவெளியை அடைப்பது உங்கள் தலைமுறையின் வேலை.

அதற்கு நான் சொல்வதெல்லாம் சில்லறைக் காரியங்கள். நீங்கள் போட்டிருக்கும் கறுப்பு அங்கி பெரும்பாலும் பாலியெஸ்டராகத்தான் இருக்கும். படம் எடுத்து முடித்ததும் கழற்றிவிடுங்கள். இதோடு ஆய்வகத்துக்குள் போனால் உங்கள் இழையையே கடலின் இழை என்று எண்ணிவிடுவீர்கள். பருத்தி மேலங்கி போதும். மாதிரிக்குப் பக்கத்தில் வெறும் வடிநீர் ஒரு புட்டி வையுங்கள். அதில் இழை கிடைத்தால் அது கடலின் இழை அல்ல; அந்தக் கணக்கையும் மறைக்காமல் எழுதுங்கள். எண்ணி முடித்த புட்டியில் இடம், தேதி, ஆழம் எழுதிய சீட்டைப் போட்டு மூடுங்கள். பென்சிலால் எழுதுங்கள். மை கரைந்துவிடும்.