லைசின்: பூனை ஹெர்பிஸுக்கு மருந்தா, வெறும் பழக்கமா?

பூனை பத்தி எபிசோடு போட்டாலே மெசேஜ் வந்து குவிஞ்சிடும். அதுல திரும்பத் திரும்ப வர்ற ஒரு கேள்வியைத்தான் இன்னைக்கு எடுத்திருக்கேன். "எங்க பூனைக்கு ஹெர்பிஸ்னு சொல்லிட்டாங்க. லைசின் பவுடர் கொடுத்தா சரியாகுமா?"

பதிலை முதல்லயே சொல்லிடறேன். ஆகாது. ஏன்னு சொல்லத்தான் மீதி நேரம்.

முதல்ல ஒரு பயத்தைப் போக்கிடலாம். இது மனுஷங்களுக்கு வர்ற ஹெர்பிஸ் இல்லை. பூனைக்குன்னே இருக்கிற வைரஸ், உங்களுக்குத் தொத்தாது. தும்மல், மூக்கடைப்பு, கண்ணு சிவந்து தண்ணி வடியறது, இதுதான் அடையாளம். குட்டிகளுக்கு ரொம்பக் கடுமையா வரும். ஒரு தடவை வந்த பிறகு வைரஸ் உடம்பை விட்டுப் போறதில்லை. முகத்துக்குப் போற நரம்போட முடிச்சுல போய்ப் பதுங்கிக்கும். வீடு மாத்தறது, புதுசா இன்னொரு பூனை வர்றது, ஊருக்குப் போறப்ப பூனையை வேற இடத்துல விட்டுட்டுப் போறது, இப்படி ஏதாவது நடந்து பூனை மிரண்டா வைரஸ் மறுபடி தலைதூக்கும். ஒண்ணு ரெண்டு வாரத்துல பெரும்பாலும் தானா அடங்கும். இந்தத் 'தானா அடங்கும்'ங்கிறதை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

சரி, லைசின் எங்கிருந்து வந்துச்சு? லைசினும் ஆர்ஜினினும் அமினோ அமிலங்கள். ஹெர்பிஸ் வகை வைரஸ் பெருக ஆர்ஜினின் வேணும்னு 1960கள்லயே சோதனைக்கூடத்துல பார்த்திருந்தாங்க. அப்போ லைசினை நிறையக் கொடுத்தா அது ஆர்ஜினினோட இடத்தைப் பிடிச்சுக்கும், வைரஸ் பட்டினி கிடக்கும்னு ஒரு யோசனை. மனுஷங்களுக்கு உதட்டுல வர்ற கொப்புளத்துக்கு இதை முயற்சி பண்ணாங்க. அங்கிருந்து பூனைக்கு வந்தது.

ஆரம்பத்துல நம்பிக்கை தர்ற மாதிரிதான் இருந்துச்சு. 2000ல டேவிட் மேக்ஸ்ங்கிற கால்நடைக் கண் மருத்துவரோட குழு, சோதனைக்கூடத்துல வளர்த்த செல்கள்ல லைசின் வைரஸைக் கொஞ்சம் அடக்குதுன்னு காட்டினாங்க. ஆனா அந்தத் திரவத்துல ஆர்ஜினின் ரொம்பக் குறைவா இருந்தப்பதான் அப்படி நடந்துச்சு. 2002ல வேறொரு குழு எட்டுப் பூனைகளை வெச்சு ஒரு சோதனை பண்ணுச்சு. லைசின் சாப்பிட்டதுகளுக்குக் கண் வீக்கம் குறைவா இருந்துச்சு, ஆனா வைரஸ் வெளியேறுற அளவு குறையலை. மொத்தமே எட்டுப் பூனைங்க! நம்ம தெருவுல டீக்கடை வாசல்ல அதைவிட அதிகமா உட்கார்ந்திருக்கும்.

இப்ப இந்த யோசனையில இருக்கிற ஓட்டையைப் பாருங்க. எனக்கு இந்தக் கதையிலேயே பிடிச்ச இடம் இதுதான்.

வைரஸுக்கு ஆர்ஜினின் வேணும், சரி. பூனைக்கு? பூனைக்கு அதைவிட அவசரமா வேணும். இறைச்சி தின்னே வாழற உயிர்ங்கிறதால, புரதம் செரிக்கும்போது வர்ற அம்மோனியாவை வெளியேத்த அதுக்கு ஒவ்வொரு வேளை சாப்பாட்டுலயும் ஆர்ஜினின் இருந்தாகணும். நம்ம உடம்பு மாதிரி தேவையான அளவு தானே தயாரிச்சுக்கத் தெரியாது. 1978ல மாரிஸ், ராஜர்ஸ்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் ஆர்ஜினினே இல்லாத ஒரே ஒரு வேளை உணவைப் பூனைகளுக்குக் கொடுத்துப் பார்த்தாங்க. ரெண்டுல இருந்து அஞ்சு மணி நேரத்துக்குள்ள ரத்தத்துல அம்மோனியா ஏறி விஷமாயிடுச்சு. ஒரே வேளை சாப்பாடு!

அப்போ லைசின் உண்மையிலேயே ஆர்ஜினினைக் குறைச்சா, வைரஸுக்கு முன்னாடி பூனைக்குத்தான் ஆபத்து. நல்லவேளையா 2004ல இதையும் சோதிச்சுட்டாங்க. உணவுல லைசினை எக்கச்சக்கமா சேர்த்தும் பூனைகளோட ரத்தத்துல ஆர்ஜினின் குறையலை. அதனால அந்த ஆபத்து இல்லை. கூடவே, லைசின் எப்படி வேலை செய்யும்னு சொன்னாங்களோ அந்தக் காரணமும் இல்லாமப் போச்சு.

"காரணம் தெரியாட்டி என்ன, குணமானா போதும்"னு கேட்பீங்க. நியாயம்தான். அதுக்குத்தான் பெரிய சோதனைகள் நடந்துச்சு. 2008ல ஒரு காப்பகத்துல கிட்டத்தட்ட 290 பூனைகளை ரெண்டாப் பிரிச்சு, ஒரு பாதிக்குத் தினமும் லைசின் கொடுத்தாங்க. ரெண்டு பக்கமும் சளி பிடிச்சதுல வித்தியாசம் இல்லை. 2009ல இன்னொரு காப்பகத்துல 261 பூனைகள். அங்க லைசின் சேர்த்த உணவு சாப்பிட்ட கூட்டத்துலதான் நோய் அதிகக் கடுமையா இருந்துச்சு, வைரஸும் அதிகம் தென்பட்டுச்சு. 2007லயே 50 பூனைகளை வெச்சு நடந்த சோதனையிலயும் இதே மாதிரிதான் வந்துச்சு. இந்த ரெண்டு ஆய்விலயும் இருந்தவர் யார் தெரியுமா? அதே டேவிட் மேக்ஸ். 2000ல லைசினுக்கு ஆதரவா முதல் முடிவை வெளியிட்டவரே, நேர் எதிரான முடிவையும் மறைக்காம வெளியிட்டார். அறிவியல்ல எனக்கு மரியாதை வர்றது இந்த மாதிரி ஆட்களாலதான்.

2015ல போல், புன்னிக்னு ரெண்டு பேர் அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் ஒண்ணாத் திரட்டிப் படிச்சாங்க. லைசின் தடுக்கவும் இல்லை, குணமாக்கவும் இல்லை, கொடுக்கிறதை உடனே நிறுத்துங்கன்னு வெளிப்படையா எழுதினாங்க.

அப்புறமும் ஏன் விக்குது? காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். தும்மல் உச்சத்துல இருக்கும்போது டப்பா வாங்கறோம். பத்து நாள்ல தும்மல் நிக்குது. நான் முதல்ல சொன்னேனே, அது தானாவே நின்னிருக்கும். ஆனா பேர் லைசினுக்குப் போயிடுது. டாக்டர்கள் சிலரும் எழுதிக் கொடுக்கறாங்க. பூனையைத் தூக்கிட்டு வந்தவரை வெறுங்கையோட அனுப்பத் தயக்கமா இருக்கும்னு எனக்குப் புரியுது. ஆனாலும் இதைச் சரின்னு என்னால சொல்ல முடியலை.

ஏன்னா, நஷ்டம் பவுடர் காசு மட்டுமில்லை. இந்த வைரஸ் கருவிழியில புண் போடும். "பவுடர் போட்டிருக்கோம், பார்க்கலாம்"னு நாலு நாள் தள்ளினா அந்தப் புண் ஆழமாயிடும், பார்வையே போகலாம். பூனை ஒரு கண்ணை இடுக்கிக்கிட்டு இருக்கு, வெளிச்சத்தைப் பார்க்க மாட்டேங்குது, கண்ணுல புகை படிஞ்ச மாதிரி இருக்குன்னா அன்னைக்கே கிளம்புங்க. டாக்டர் கண்ணுல ஒரு சாயத்தை விட்டுப் பார்ப்பார், புண் இருந்தா பச்சையா ஒளிரும். வீட்டுல மிச்சம் இருக்கிற ஸ்டீராய்டு சொட்டு மருந்தைத் தயவுசெஞ்சு விடாதீங்க, புண்ணை மோசமாக்கிடும்.

வேலை செய்யற மருந்து இருக்கா? இருக்கு. ஃபாம்சைக்ளோவிர். மனுஷங்களுக்கான வைரஸ் மருந்துதான், பூனைகள்லயும் பலன் தர்றதைப் பார்த்திருக்காங்க. அளவை டாக்டர்தான் முடிவு பண்ணணும். பேர் ஒரே மாதிரி இருக்கேன்னு வாலாசைக்ளோவிர் வாங்கிக் கொடுத்துடாதீங்க, அது பூனையைக் கொன்னுடும். சளிதானேன்னு பாராசிட்டமாலும் கூடாது, அதுவும் பூனைக்கு விஷம்.

மூக்கு அடைச்சா பூனைக்குச் சாப்பாட்டு வாசனை தெரியாது, வாசனை தெரியலைன்னா வாய் வைக்காது. மீனையோ வெட் ஃபுட்டையோ லேசா சூடு பண்ணி வைங்க. பாத்ரூம்ல வெந்நீரைத் திறந்துவிட்டு ஆவி நிறைஞ்சதும் பத்து நிமிஷம் கூடவே உட்காருங்க. ஒரு நாள் முழுக்கச் சாப்பிடலைன்னா டாக்டர்கிட்ட போயிடணும். தடுப்பூசி நோயை முழுசாத் தடுக்காது, கடுமையைக் குறைக்கும். அதனால அதை விடாதீங்க.

பவுடருக்கு வெச்சிருந்த காசு மிச்சம்தானே? ஒரு காலி அட்டைப்பெட்டி போதும், செலவே இல்லை. 2014ல நெதர்லாந்துல ஒரு காப்பகத்துல, புதுசா வந்த பூனைகள்ல ஒரு பாதிக்கு ஒளிஞ்சுக்கப் பெட்டி கொடுத்தாங்க. பெட்டி கிடைச்சதுகளுக்குப் பதற்றம் சீக்கிரமே குறைஞ்சுச்சு. அது ஹெர்பிஸுக்கான ஆய்வு இல்லை. ஆனா இந்த வைரஸை எழுப்பி விடறதே பதற்றம்தான். வீடு மாத்தறீங்கன்னா, தீபாவளி வருதுன்னா, ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு மூலையில பெட்டியை வெச்சுடுங்க. நீங்களா தூக்கி உள்ளே விடாதீங்க, அதுவே போகும்.