அன்னக் கோட்டை: உள்ளே போவதா, வெளியே நிற்பதா?

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



இலக்கியம் பற்றிய இந்தத் தொடரிலே ஒரு கட்டடத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அது கல்லாலும் செங்கல்லாலும் எழுந்த கட்டடம்தான். ஆனால் அதைக் கட்டத் தூண்டியவை பழைய ஜெர்மன் காவியங்களும் அவற்றிலிருந்து பிறந்த இசைநாடகங்களும். ஆகவே இந்தத் தொடரில் அதற்கும் ஓர் இடம் உண்டு என்றே நினைக்கிறேன்.

ஜெர்மனியின் தெற்கே, பவேரியாவில், அல்ப்ஸ் மலையடிவாரத்திலே நிற்கும் நொய்ஷ்வான்ஸ்டைன் அரண்மனையைத்தான் சொல்கிறேன். பெயர் தெரியாவிட்டாலும் படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பின்னால் மலை, கீழே காடு, நடுவே வெள்ளைச் சுவர்களும் ஊசிபோன்ற கோபுரங்களும். 1955 இல் கலிபோர்னியாவில் டிஸ்னிலாண்டைத் திறந்தபோது அங்கே எழுப்பிய தேவதைக் கதைக் கோட்டைக்கு இதுவே முன்மாதிரி.

எங்கள் வீட்டு விறாந்தையிலும் அந்தப் படம் தொங்கியது. ஜெர்மனிக்குப் போன தங்கையின் கணவர் 1986 இல் அனுப்பிய நாட்காட்டி அது. ஆண்டு முடிந்த பிறகும் அம்மா அதைக் கழற்ற விடவில்லை. அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று அவர் அடிக்கடி கேட்பார். யாரும் இல்லை, ராசா செத்துப்போனார் என்று நான் சொல்வேன். அதற்குமேல் எனக்கும் தெரியாது.

சென்ற ஆண்டு தங்கை குடும்பத்தைப் பார்க்க மியூனிச் நகருக்குப் போயிருந்தபோது, அந்த அரண்மனைக்கு என்னைக் கூட்டிப் போவதென்று மருமகள் தீர்மானித்தாள். அவள் அங்கேயே பிறந்து வளர்ந்தவள். முதல்நாள் இரவு சாப்பாட்டு மேசையிலே விவாதம் தொடங்கியது.

அவளுடைய கணவர் சொன்னார்: "மாமா, உள்ளுக்குப் போறது வீண் காசு. அரை மணித்தியாலத்திலை வெளியிலை விட்டிடுவாங்கள். படம் எடுக்கவும் விடாங்கள். பாலத்திலை நிண்டு பாத்தாலே போதும்."

மருமகள் விடவில்லை. "நான் பள்ளிக்கூடத்தோடை ஒருக்கால் போனனான் மாமா. நீங்கள் கட்டாயம் உள்ளுக்குப் பாக்கவேணும். ஏனெண்டு இப்ப சொல்லமாட்டன்."

சீட்டு ஒன்று ஏறத்தாழ 20 யூரோ. இரண்டு சீட்டுகளை அவள் இணையத்தில் முன்கூட்டியே எடுத்து வைத்திருந்தாள். விருப்பமில்லாவிட்டால் போகாமல் விடலாம் என்றும் சொன்னாள். போவதா விடுவதா என்பது என் கையில் வந்தது.

மியூனிச்சிலிருந்து புகையிரதத்தில் ஃபூசன் என்ற சிற்றூருக்கு இரண்டு மணித்தியாலம். பிறகு பஸ்ஸில் கொஞ்ச நேரம். அடிவாரக் கிராமத்திலிருந்து மேலே ஏறி நடக்க முக்கால் மணித்தியாலம் வரை செல்லும். குதிரை வண்டியும் உண்டு. நாங்கள் நடந்தோம். எழுபதைக் கடந்த முழங்கால்களுக்கு அது சற்று அதிகம்தான்.

முதலில் மரியன் பாலத்துக்குப் போனோம். மலை இடுக்கின் மேலே, ஏறத்தாழ 90 மீற்றர் உயரத்திலே நிற்கும் பாலம் அது. கீழே அருவி விழுகிறது. எதிரே அரண்மனை. நாட்காட்டியில் பார்த்த அதே தோற்றம், இம்முறை காற்றோடும் தண்ணீர்ச் சத்தத்தோடும். சிறிது நேரம் எனக்குப் பேச்சு வரவில்லை. மருமகளின் கணவர் சொன்னது சரிதான் என்று அப்போது பட்டது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

நேயர்களே, வெளித்தோற்றத்தின் கட்சியில் வலுவான நியாயம் உண்டு. இந்தக் கட்டடத்தை முதலில் வரைந்தவர் கிறிஸ்தியன் யாங்க் என்ற நாடக அரங்கக் காட்சி ஓவியர். அவருடைய கற்பனையைத்தான் கட்டடக் கலைஞர்கள் பிறகு வரைபடமாக்கினார்கள். தூரத்தில் நின்று பார்க்கும்போது திகைக்க வைப்பது காட்சி ஓவியரின் தொழில். 1869 இல் அடிக்கல் நாட்டியபோது கோட்டைகளின் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. எந்த எதிரியையும் தடுக்க எழுந்த மதில் இதிலே இல்லை. செங்கல்லால் கட்டி, மேலே வெளிர்நிறச் சுண்ணக்கல் பதித்திருக்கிறார்கள்.

ஆனால் சீட்டில் குறித்திருந்த நேரம் நெருங்க நெருங்க, எனக்குள் வேறொரு தயக்கம் எழுந்தது. அது காசைப் பற்றியதும் அல்ல, கால்வலியைப் பற்றியதும் அல்ல.

1995 ஒக்டோபரில் வலிகாமத்தை விட்டுப் புறப்பட்டவர்களில் எங்கள் குடும்பமும் ஒன்று. 1996 இல் திரும்பி வந்தபோது வீட்டுக் கதவுகள் திறந்து கிடந்தன. அலுமாரிகள் வெறுமையாக இருந்தன. அம்மாவின் அறை நிலத்திலே எங்கள் கடிதங்கள் சிதறிக் கிடந்தன, அவற்றின்மேல் காலடித் தடங்கள். அந்நியர் யாரோ எங்கள் படுக்கை அறைகளுக்குள் நடந்திருக்கிறார்கள். யாரென்று இன்றுவரை தெரியாது. சாமான்கள் போனதைவிட அந்தக் காலடிகள்தான் அம்மாவை நெடுநாள் வருத்தின. அந்த அனுபவம் உள்ள நான், வாழ்ந்த ஒருவனின் வீட்டுக்குள், அதுவும் மனிதர் கண்ணில் படாமல் ஒதுங்க விரும்பிய ஒருவனின் வீட்டுக்குள், காசு கொடுத்து நுழைவதா?

அந்த மனிதன் யார் என்று சொல்லவேண்டும். இரண்டாம் லுட்விக், பவேரியாவின் மன்னர். 1845 இல் பிறந்தவர், 1864 இல் பதினெட்டு வயதில் முடிசூடியவர். இரண்டே ஆண்டுகளில், 1866 ஆம் ஆண்டுப் போரிலே, ஒஸ்திரியாவோடு சேர்ந்து பிரஷ்யாவிடம் தோற்றார். 1871 இல் பவேரியா புதிய ஜெர்மன் பேரரசுக்குள் அடங்கியது. முடி தலையில் இருந்தது, அதிகாரம் குறைந்து போயிற்று. ஆட்சியில் கிடைக்காத அரசைக் கல்லிலே கட்டிக்கொள்ள அவர் முற்பட்டார்.

அவருக்கு வழிகாட்டியது றிச்சர்ட் வாக்னரின் இசைநாடகம். பதினைந்து வயதில் 'லோகன்கிறின்' நாடகத்தைப் பார்த்தவர், வாழ்நாள் முழுவதும் அதிலிருந்து மீளவில்லை. அந்தக் கதையைக் கேளுங்கள். அன்னப்பறவை இழுத்துவரும் படகிலே பெயர் தெரியாத வீரன் ஒருவன் வருகிறான். பழி சுமந்து நிற்கும் எல்சா என்ற பெண்ணைக் காப்பாற்றி மணந்துகொள்கிறான். ஒரே ஒரு நிபந்தனை: நீ யார், எங்கிருந்து வந்தாய் என்று அவள் ஒருபோதும் கேட்கக்கூடாது. அவளால் கேட்காமல் இருக்க முடியவில்லை. கேட்கிறாள். அவன் விடை சொல்லிவிட்டு அவளைப் பிரிந்து போகிறான்.

பாலத்திலிருந்து இறங்கி வரும்போது இந்தக் கதைதான் மனதில் ஓடியது. நொய்ஷ்வான்ஸ்டைன் என்ற பெயருக்குப் 'புதிய அன்னக் கல்' என்று பொருள் கொள்ளலாம். மன்னர் இறந்த பிறகே இந்தப் பெயர் வந்தது. உள்ளே போவதும் எல்சா கேட்ட கேள்வியைக் கேட்பதுதானே. கேட்டால் இந்த அழகிய படத்தை இழந்துவிடுவோமோ?

வாசலில் எங்கள் குழுவின் இலக்கம் ஒளிர்ந்தது. மருமகள் என்னைப் பார்த்தாள். நான் உள்ளே போனேன்.

முதலில் சிம்மாசன மண்டபம். இரண்டு மாடி உயரம். பைசாந்தியக் கோயில்களின் சாயல். தரையிலே 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட சிறு கற்களால் இழைத்த விலங்குகளும் செடிகளும். மேலே முடியின் வடிவிலே 96 மெழுகுதிரிகள் ஏற்றக்கூடிய பெரும் விளக்கு. எதிரே வெண்பளிங்குப் படிகள் ஒரு மேடைக்கு ஏறுகின்றன. மேடையில் ஒன்றுமே இல்லை. சிம்மாசனம் செய்து முடியுமுன்னர் மன்னர் இறந்துபோனார். பிறகு அதைச் செய்விக்க யாருக்கும் தேவை இருக்கவில்லை. எத்தனையோ அரண்மனைகளில் அரசன் இல்லாத சிம்மாசனங்களைக் காட்டுவார்கள். இங்கே சிம்மாசனமே இல்லாத மண்டபம்.

அடுத்து உணவறை. குசினி மூன்று தளங்களுக்குக் கீழே. உணவு ஒரு தூக்கிப் பெட்டியிலே மேலே வரும். எங்கள் குழுவில் ஒரு பெண், மன்னர் யாரோடு உண்பார் என்று கேட்டாள். பெரும்பாலும் தனியாக என்று பதில் வந்தது.

பிறகு படுக்கை அறை. கட்டிலின் மேற்கட்டியிலே கோபுரம் கோபுரமாக ஓக் மரச் செதுக்கல். 14 செதுக்குக் கலைஞர்கள் நான்கு ஆண்டுகளுக்கு மேல் உழைத்த வேலை. முகம் கழுவும் தொட்டிக்கு வெள்ளி அன்னத்தின் வாயிலிருந்து தண்ணீர். ஜன்னலுக்கு வெளியே அதே அருவி. கட்டிலுக்கு இப்பால் நாங்கள், சுமார் நாற்பது அந்நியர். அந்த இடத்தில் எனக்கு அம்மாவின் அறை ஞாபகம் வந்தது. வந்திருக்கக் கூடாது என்று நினைத்தேன்.

1886 ஜூன் 12 அதிகாலையில் இந்த அரண்மனையில்தான் அவரைப் பிடித்தார்கள். கடன் ஒரு கோடி மார்க்குக்கு மேல் ஏறியிருந்தது. நேரில் பரிசோதிக்காமலே மருத்துவர்கள் அவரைப் பைத்தியம் என்று எழுதிக் கொடுத்தார்கள். அவரை பேர்க் மாளிகைக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் மாலை, அறிக்கை எழுதியவர்களில் தலைமையானவரான மருத்துவர் குடனும் அவரும் ஏரிக்கரையில் உலாவப் போனார்கள். இரவில் இருவரையும் தண்ணீரிலிருந்து பிணமாக எடுத்தார்கள். எப்படி இறந்தார்கள் என்பது இன்றும் வாதத்துக்குரியது. ஏழு வாரங்களில், ஆகஸ்ட் 1 ஆம் திகதி, அரண்மனையைக் கட்டணம் வாங்கிப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். மொத்தமாக 172 நாட்கள்தான் அவர் அங்கே தங்கியிருந்தார்.

வரவேற்பறைக்கும் வாசிப்பறைக்கும் நடுவிலே ஒரு சிறு செயற்கைக் குகை. இசைநாடகத்தின் குகையை வீட்டுக்குள் கொண்டுவந்திருக்கிறார். சிரிப்பு வரவேண்டிய இடம். குழுவில் ஒருவரும் சிரிக்கவில்லை.

அதன் மேல்தளத்திலே பாடகர் மண்டபம், அரண்மனையின் மிகப்பெரிய இடங்களில் ஒன்று. சுவரெல்லாம் பார்சிவல் காவியத்தின் காட்சிகள். அவர் உயிரோடிருந்த காலத்தில் அங்கே ஒரு விருந்தோ ஒரு கச்சேரியோ நடக்கவில்லை. வாக்னர் ஒருநாளும் அங்கே கால் வைக்கவில்லை, 1883 இல் இறந்துவிட்டார். முதற் கச்சேரி நடந்தது 1933 இல், வாக்னரின் ஐம்பதாவது நினைவாண்டில்.

அந்த மண்டபத்தில் நின்றபோது என் மனம் சற்றுத் தெளிந்தது. எங்கள் வீட்டுக்குள் வந்தவர்கள், இங்கே யார் இருந்தார்கள் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் கடிதங்களை மிதித்திருக்க மாட்டார்கள். இங்கே என்னோடு நின்ற நாற்பது பேரும், சிலர் அரைமனதோடானாலும், அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். யாரோடு உண்பார் என்று கேட்ட அந்தப் பெண்ணின் குரலில் இரக்கம் இருந்தது. ஒரு வீட்டுக்குள் நுழைவது குற்றமாவதும் ஆகாததும் அந்தக் கேள்வியைப் பொறுத்தது.

எல்சா கேட்டதனால் அவனை இழந்தாள் என்று கதை சொல்கிறது. உண்மைதான். ஆனால் அவன் யாரென்று அறிந்ததும் அப்போதுதான். நானும் என் நாட்காட்டிப் படத்தை இழந்தேன். அதற்குப் பதிலாக, வெந்நீரும் தொலைபேசியும் மின்சார அழைப்பு மணியும் வைத்துக் கட்டிய வீட்டிலே, வராத விருந்தினருக்காக மண்டபம் அலங்கரித்த ஒரு மனிதனைக் கண்டேன்.

அப்படியானால் எல்லாரும் உள்ளே போகத்தான் வேண்டுமா? என் அபிப்பிராயத்தைச் சொல்லி முடிக்கிறேன். செல்வச் சிறப்பைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு மியூனிச் நகரிலுள்ள பவேரிய மன்னர்களின் மாளிகையே போதும், அங்கே ஆறுதலாக நடந்து பார்க்கலாம். இங்கே முடிவுற்ற அறைகள் ஏறத்தாழ 15 தான், திட்டமிட்டவையோ 200 க்கு மேல். படிகள் ஏற முடியாதவர்களும் சிறு குழந்தைகளோடு போகிறவர்களும் பாலத்தோடு நின்றுவிடலாம், குறை இல்லை. ஆனால் லோகன்கிறின் கதையையும் அந்த மன்னரின் கதையையும் முன்னரே அறிந்துகொண்டு போகிறவர்கள் கட்டாயம் உள்ளே போகவேண்டும். கதை தெரியாதவருக்கு அது அரை மணித்தியால நெரிசல். தெரிந்தவருக்கு அது போதிய நேரம்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ இந்த மன்னரின் அரண்மனைகளை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. கடனுக்காகப் பழித்த கட்டடங்களுக்கு இப்படியும் ஒரு காலம் வந்திருக்கிறது.

இறங்கி வரும் வழியில் இரண்டாம் தளத்தில் ஒரு கடை. மன்னர் முடிக்காமல் விட்ட தளம் அது. நாட்காட்டிகள் அடுக்கியிருந்தன, முகப்பிலே அதே படம். மருமகள் ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"ஏன் உள்ளுக்குப் போகச் சொன்னனான் எண்டு இப்ப விளங்கிச்சுதோ மாமா?"

"விளங்கிச்சுது பிள்ளை" என்றேன். நாட்காட்டியை வைத்துவிட்டு, அந்த வெறும் மேடையின் படம் உள்ள அஞ்சலட்டை ஒன்றை வாங்கினேன். பழைய நாட்காட்டி தொங்கிய ஆணி எங்கள் விறாந்தைச் சுவரில் இன்னும் இருக்கிறது. அஞ்சலட்டையை அதற்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். அந்த வீட்டில் யார் இருந்தார் என்று இனி யாரும் கேட்டால், என்னால் கொஞ்சம் சொல்ல முடியும்.