கணிப்பொறிக் குற்றங்களும் நம் கடமையும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளாக நம் கழகம் ஆற்றிவரும் கல்விப் பணியினை முன்னர்ப் பேசிய பெரியோர்கள் விரிவாக எடுத்துரைத்தார்கள். எமக்குப் பணிக்கப்பட்ட தலைப்பு கணிப்பொறிக் குற்றங்கள் பற்றியது. விழா மேடையில் குற்றத்தைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். கல்வியால் நாம் ஈட்டிய செல்வங்களுள் தலையாயது நம் நற்பெயர். வருகைப் பதிவேட்டிலும், பட்டச் சான்றிதழிலும், வங்கிக் கணக்கிலும் நம் பிள்ளைகளின் பெயர் ஏறியிருக்கிறது. அந்தப் பெயரைத்தான் இக்குற்றங்கள் குறிவைக்கின்றன. ஆகவே இம்மேடையே இதற்குரிய இடம் என்று கருதுகிறோம்.

கணிப்பொறிக் குற்றம் என்றவுடன், இருட்டறையில் அமர்ந்து விசைகளைத் தட்டும் ஒரு மேதையின் உருவம் நம் மனக்கண்ணில் தோன்றுகிறது. உண்மை அதுவன்று. பிறர் கணிப்பொறிக்குள் இசைவின்றி நுழைவதும், அதிலுள்ள செய்திகளைத் திருடுவதும், திருத்துவதும், அழிப்பதும் ஒருவகை. ஏமாற்றுதல், மிரட்டுதல், இழிவுபடுத்துதல் ஆகிய பழைய குற்றங்களைக் கணிப்பொறியையும் கைபேசியையும் கருவியாகக் கொண்டு செய்வது மற்றொரு வகை. கருவி புதிது, பேராசையும் அச்சமும் பழையவை. எந்தக் குற்றத்தின் இழையைப் பற்றிச் சென்றாலும், அது முடிவில் மனிதர்களிடமே கொண்டு சேர்க்கும். இதனை ஓர் உண்மை நிகழ்ச்சியால் விளக்க விரும்புகிறோம்.

2015ஆம் ஆண்டின் தொடக்கத்தில், வங்காளதேசத்தின் மைய வங்கி ஊழியர்களுக்கு வேலை கேட்டு விண்ணப்பிப்பவர் எழுதியதுபோல ஒரு மின்னஞ்சல் வந்தது. மிகப் பணிவான கடிதம். அதில் காட்டியிருந்த இணைப்பைத் திறந்தவர்களின் கணிப்பொறி வாயிலாகத் திருடர்கள் உள்ளே நுழைந்தனர். நுழைந்தவர்கள் உடனே எதையும் எடுக்கவில்லை. ஓராண்டு காலம் ஓசையின்றி இருந்து, வங்கியின் நடைமுறைகளைக் கற்றனர்.

2016 பிப்ரவரி 4, வியாழக்கிழமை இரவு அவர்கள் செயலில் இறங்கினர். நியூயார்க் நகரிலுள்ள அமெரிக்க மைய வங்கியில் வங்காளதேசம் வைத்திருந்த பணத்தை வெளியே அனுப்பும்படி, அந்த வங்கியே ஆணையிடுவதுபோல 35 செய்திகளை அனுப்பினர். கேட்ட தொகை ஏறத்தாழ 95 கோடி அமெரிக்க டாலர். வெள்ளியும் சனியும் வங்காளதேசத்தில் விடுமுறை. சனியும் ஞாயிறும் அமெரிக்காவில் விடுமுறை. திங்கட்கிழமை, சீனப் புத்தாண்டை முன்னிட்டுப் பிலிப்பைன்சில் விடுமுறை. மூன்று நாடுகளின் நாள்காட்டிகளை ஒப்பிட்டு நாள் குறித்திருந்தனர். பணப் பரிமாற்றங்களை அச்சிட்டுத் தரும் இயந்திரத்தையும் முடக்கிவைத்தனர். மறுநாள் அது வேலை செய்யாததைக் கண்ட ஊழியர்கள், வழக்கமான பழுது என்றே எண்ணினர்.

35 ஆணைகளில் ஐந்து நிறைவேறின. ஏறத்தாழ 10 கோடி டாலர் வெளியேறியது. ஏனையவை எவ்வாறு நின்றன? பணம் சென்று சேரவேண்டிய மணிலாவின் வங்கிக் கிளை, ஜூபிடர் என்னும் பெயருடைய தெருவில் இருந்தது. அமெரிக்கா தடைவிதித்திருந்த கப்பல் ஒன்றின் பெயரோடு அச்சொல் ஒத்திருந்தமையால், ஆணைகள் மறு ஆய்வுக்கென நிறுத்தப்பட்டன. இலங்கையிலுள்ள ஓர் அறக்கட்டளையின் பெயருக்கு அனுப்பப்பட்ட 2 கோடி டாலரோ, ஓர் எழுத்துப் பிழையால் தப்பியது. அறக்கட்டளை என்பதற்குரிய ஆங்கிலச் சொல்லைத் திருடர்கள் பிழைபட எழுதியிருந்தனர். இடையிலிருந்த வங்கியின் ஊழியர் ஐயுற்று விளக்கம் கேட்டார், பணம் திரும்பியது. எழுத்துப் பிழையைச் சிவப்பு மையால் சுழித்துக்காட்டும் ஆசிரியரிடம் முகம் சுளிக்கும் மாணவர்கள் இதனைச் சற்று எண்ணிப்பார்ப்பார்களாக!

எஞ்சிய 8 கோடியே 10 இலட்சம் டாலர் பிலிப்பைன்சுக்குச் சென்றது. அங்கே அதனைப் பெற்றுக்கொள்ளக் கணக்குகள் ஆயத்தமாக இருந்தன. 2015 மே மாதத்திலேயே, போலி ஓட்டுநர் உரிமங்களைக் காட்டி, கணக்கொன்றுக்கு 500 டாலர் வீதம் செலுத்தி அவற்றைத் தொடங்கியிருந்தனர். மாதக்கணக்கில் அவை அசைவின்றிக் கிடந்தன. பணம் வந்ததும் அவற்றின் வழியே சூதாட்ட விடுதிகளுக்குச் சென்று மறைந்தது.

அன்பர்களே! இந்நிகழ்ச்சியில் மறைத்தலால் விளைந்த கேட்டையும் காண்க. களவு நடந்த செய்தியை மைய வங்கி முதலில் வெளியிடவில்லை. அந்நாட்டு நிதியமைச்சரே அதனைச் செய்தித்தாள்கள் வாயிலாக அறிய நேர்ந்தது. மார்ச் மாதம் வங்கியின் ஆளுநர் பதவி விலகினார். பணத்தைப் பெற்ற வங்கிக்குப் பிலிப்பைன்ஸ் மைய வங்கி 100 கோடி பெசோ தண்டம் விதித்தது. கிளை மேலாளராக இருந்தவர் குற்றவாளி என்று 2019இல் அந்நாட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் எல்லைக்குள் சூதாட்ட விடுதிகள் அதுகாறும் வரவில்லை; 2017இல் சட்டத்தைத் திருத்தி அவற்றையும் சேர்த்தனர். அமெரிக்கப் புலனாய்வாளர்கள் மின்னஞ்சல் முகவரிகளையும் தீய நிரல்களின் ஒற்றுமைகளையும் ஒப்பிட்டு ஆராய்ந்து, வடகொரியர் ஒருவர் மீது 2018இல் குற்றம் சாட்டினர். வடகொரியா அதனை மறுத்தது. பிலிப்பைன்ஸ் சென்ற பணத்தில் 2016இல் திரும்பக் கிடைத்தது ஏறத்தாழ 1 கோடியே 50 இலட்சம் டாலர் மட்டுமே.

இதனின்று நாம் அறிவது யாது? எத்துணைத் திறமையான திருடனாயினும், திருடிய பணத்தை வாங்கிவைக்க ஒரு கணக்கு வேண்டும். கணக்கிற்கு ஒரு பெயர் வேண்டும். மணிலாவில் அந்தப் பெயர்கள் போலியானவை. நம் நாட்டிலோ போலிப் பெயருக்கு வேலையில்லாதபடி, உண்மையான ஏழை மாணவனின் பெயரையே வாடகைக்குக் கேட்கிறார்கள்.

இளைஞர்களே! இவ்விடத்தில் நீங்கள் கூர்ந்து கேட்கவேண்டும். அரசு வழங்கும் கல்வி உதவித்தொகைக்காக உங்களில் பலர்க்கு வங்கிக் கணக்கு உண்டு. அறிமுகமான ஒருவர் வருகிறார். "கணக்குப் புத்தகம், ஏ.டி.எம். அட்டை, சிம் அட்டை இவற்றைச் சில நாள் கொடு, சில ஆயிரம் ரூபாய் தருகிறேன், உனக்கு ஒரு தொல்லையும் வராது" என்கிறார். வீட்டில் வறுமை, கல்லூரிக் கட்டணம் கட்டவேண்டும், கொடுத்துவிடத் தோன்றும். கொடுத்த மறுகணமே, எங்கோ ஒரு முதியவரிடம் பறித்த பணம் உங்கள் பெயர் வழியாகக் கடந்துபோகும். சுமை தூக்கும் கோவேறு கழுதையின் பெயரால் இத்தகைய கணக்கை "மியூல்" கணக்கு என்று குறிப்பிடுகின்றனர். சுமை யாருடையது என்று அந்த விலங்கு அறியாது. அடி மட்டும் அதன் முதுகில் விழும்.

புலனாய்வு எவ்வாறு நடைபெறுகிறது என்பதை அறிந்தால் இது விளங்கும். பணம் இழந்தவர் புகார் செய்கிறார். பணம் முதலில் எந்தக் கணக்கிற்குச் சென்றது, அங்கிருந்து எவையெவற்றிற்குப் பிரிந்தது என்று வங்கிகள் வழியே தொடர்ந்து பார்க்கிறார்கள். வழியிலுள்ள கணக்குகள் முடக்கப்படுகின்றன. கணக்குத் தொடங்கியபோது கொடுத்த ஆதார் எண், முகவரி, நிழற்படம் ஆகியவற்றைப் பெறுகிறார்கள். ஆகவே காவல் துறை முதலில் தட்டும் கதவு, தலைவனின் மாளிகைக் கதவன்று. நம் குடியிருப்பில் உள்ள கூரைவீட்டின் கதவு. "எமக்கு ஒன்றும் தெரியாது" என்று மன்றாடினாலும், அதனை மெய்ப்பிக்கும் பாரம் நம் தலையில் வந்து விழும். வழக்கு முடியச் சில ஆண்டுகள் ஆகலாம். அதற்குள் அரசுப் பணிக்குத் தேர்வு பெற்றால், நிலுவையிலுள்ள வழக்கைப் படிவத்தில் எழுதவேண்டிய நிலை வரும். மூன்று தலைமுறை பாடுபட்டுப் பெற்ற வாய்ப்பு சில ஆயிரம் ரூபாய்க்குப் போய்விடும்.

நம் பாட்டன்மார்களை நினைத்துப் பாருங்கள். எழுதப்பட்டிருப்பது இன்னதென்று அறியாமல், பண்ணையார் நீட்டிய தாளில் கைநாட்டு வைத்தார்கள். அந்தக் கைநாட்டு அவர்களையும், அவர்கள் பிள்ளைகளையும் பண்ணையிற் கட்டிப்போட்டது. அவர்கள் எழுத்தறியாதவர்கள், அவர்களைக் குறைகூற எவர்க்கும் உரிமையில்லை. பட்டம் பெற்ற பேரன், வருவது யார் பணம் என்று கேளாமல் தன் கணக்கை ஒப்படைப்பானாயின், அதுவும் கைநாட்டே அன்றோ? அந்தக் கைநாட்டை ஒழிப்பதற்காகவே இக்கழகம் தோன்றியது.

வெளிநாட்டு வேலை என்னும் வலையையும் இங்கே எச்சரிக்கவேண்டும். கணிப்பொறியில் செய்திகளைப் பதியும் வேலை, கைநிறையச் சம்பளம் என்று நம்பிச் சென்ற இந்திய இளைஞர்கள், மியான்மரிலும் கம்போடியாவிலும் காவலுக்குள் அடைக்கப்பட்டு, பிறரை ஏமாற்றும் வேலையைச் செய்யுமாறு வதைக்கப்பட்டனர். 2022இல் மியான்மரின் மியாவாடிப் பகுதியிலிருந்து மீட்கப்பட்டவர்களுள் தமிழ்நாட்டு இளைஞர்களும் இருந்தனர். 2025 மார்ச் மாதத்தில் விமானப்படை விமானங்களில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட இந்தியர்கள் அழைத்துவரப்பட்டனர். சுற்றுலா நுழைவிசைவில் வேலைக்கு அனுப்புகிறேன் என்று எவர் சொன்னாலும், அரசிடம் பதிவுபெற்ற முகவரா என்று கேட்டறியாமல் புறப்படலாகாது.

இனி, சமுதாயம் இக்குற்றங்களை எவ்வாறு எதிர்கொள்கிறது என்று பார்ப்போம். நம் நாட்டில் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 அக்டோபர் 17 முதல் நடைமுறையில் உள்ளது. பிறர் கடவுச்சொல்லையோ அடையாளத்தையோ திருடிப் பயன்படுத்துதல் 66சி பிரிவின்படியும், கணிப்பொறி வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுதல் 66டி பிரிவின்படியும் மூன்றாண்டுவரை சிறைத் தண்டனைக்கு உரியன. ஆய்வாளர் நிலைக்குக் குறையாத அலுவலரே இச்சட்டத்தின்கீழ்ப் புலனாய்வு செய்யவேண்டும். பணம் பறிபோனால் 1930 என்னும் எண்ணை உடனே அழைக்கலாம். தேசிய இணையக் குற்றப் புகார்த் தளத்திலும் பதியலாம். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுமுன் தடுப்பதே நோக்கம். ஆதலின் முதல் ஒரு மணி நேரம் பொன்னினும் அரியது.

நம் மக்களில் ஏமாந்தவர்கள் வெட்கத்தால் வாய் திறப்பதில்லை. "படித்தவனாயிருந்தும் ஏமாந்தாயே" என்று வீட்டிலுள்ளோரே இடித்துரைப்பர் என்னும் அச்சம். ஒரு நாட்டின் மைய வங்கியே ஏமாந்தது. மறைத்ததால் நிலைமை மேலும் கெட்டது. அவ்வாறிருக்க, மகளிர் குழுவில் சேமித்த பணத்தை இழந்த ஒரு தாய் வெட்கப்படுவானேன்? வெட்கம் திருடனுக்கு உரியது.

காவல் அதிகாரிபோல் உடையணிந்து காணொளியில் தோன்றி, "உன்னை டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம்" என்று மிரட்டுவோர் உளர். அப்படியொரு கைது நம் நாட்டின் எந்தச் சட்டத்திலும் இல்லை. காவல் துறையிடம் தலைமுறை தலைமுறையாக அஞ்சி வாழ்ந்த நம் மக்களிடம் இம்மிரட்டல் எளிதில் பலிக்கும். சட்டத்தை அறிவதே அந்த அச்சத்திற்கு மருந்து.

கணிப்பொறி வழியே நிகழும் சாதி இழிவுரையும் குற்றமே. பொதுமக்கள் காணுமாறு இணையத்தில் வெளியிடும் இழிவுரைக்கும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்தும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2022இல் கூறியுள்ளது. அவ்வாறு நேர்ந்தால், சினத்தால் பதிலுக்கு ஏசாதீர்கள். அப்பதிவைத் திரையில் உள்ளவாறே படமெடுங்கள். அதன் முகவரியையும், நாளையும், நேரத்தையும் குறித்துவையுங்கள். கைபேசியிலுள்ள மூலத்தை அழிக்காதீர்கள். மின்னணுச் சான்றுகளை நீதிமன்றம் ஏற்பதற்குரிய சான்றிதழ் முறையினை 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு கூறுகிறது. நம் ஆத்திரம் நீதிமன்றத்தில் நிற்காது. நாம் காத்துவைத்த சான்று நிற்கும்.

அதே வேளையில், குற்றத்தைத் தடுக்கிறோம் என்று அரசு வரம்பு மீறலாகாது. இணையத்தில் பிறர்க்கு எரிச்சலூட்டும் சொற்களையும் குற்றமாக்கிய 66ஏ பிரிவினைப் பேச்சுரிமைக்கு முரணானது என்று 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் நீக்கியது. தட்டிக்கேட்கும் குரலை வாழ்வாகக் கொண்ட நம்போன்றோர்க்கு இத்தீர்ப்பு மிக இன்றியமையாதது. குற்றவாளிக்குத் தண்டனை வேண்டும். குடிமகனுக்கு நாவும் வேண்டும்.

நிறைவாக, கழகத்தாரிடம் ஒரு வேண்டுகோள். நம் கழகக் கட்டடத்தில் வாரம் ஒருநாள் மாலை, கணிப்பொறி அறிந்த இளைஞர் இருவர் அமர்ந்து, ஏமாந்து வருவோர்க்குப் புகார் எழுதிக்கொடுக்கட்டும். முன்பு கடிதமும் மனுவும் எழுதிக்கொடுத்த அதே திண்ணைப் பணிதான் இது. மாணவர்களுக்கு மற்றொரு சொல். களவைக் கண்டறிய வங்கியும், காவல் துறையும், தடய அறிவியலும், வழக்குரைஞர் தொழிலும் கற்றவர்களைத் தேடுகின்றன. காவல் துறை நம் கதவைத் தட்டும் என்று அஞ்சிய காலம் போய், புலனாய்வு செய்யும் அலுவலராக நம் வீட்டுப் பெண்ணும் பிள்ளையும் செல்லும் காலம் வரவேண்டும். உங்கள் பெயரை எவர்க்கும் வாடகைக்கு விடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறோம்.